எல்லைக்கோட்டில் கவிழும் படகுகள்

கணினி வழியே பலர் சேர்ந்து உலவும் எங்கள் மெய்நிகர் உலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படகில் போய்க்கொண்டிருக்கும்போது படகு காணாமல் போய், உங்கள் அவதார் (திரையில் உங்களுக்காக நடமாடும் உருவம்) மட்டும் கடலடியில் நின்றால், ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் உங்கள் பக்கம் இல்லை.

நாங்கள் படகு ஓட்டும் உலகம் பார்வைக்கு ஒரே கடல். உள்ளே அது 256 மீட்டர் சதுரங்களாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனி சர்வர் நிரல் நடத்துகிறது. கோட்டைத் தாண்டும் நொடியில் என் அவதார், போட்டிருக்கும் தொப்பி, செருப்பு, அவற்றுக்குள் ஓடும் ஸ்கிரிப்டுகள் என்ற சின்ன நிரல்கள், அந்த ஸ்கிரிப்டுகள் நினைவில் வைத்திருக்கும் விவரங்கள் எல்லாவற்றையும் பழைய சர்வர் மூட்டை கட்டிப் புதிய சர்வரிடம் ஒப்படைக்க வேண்டும். படகு தனி மூட்டை, ஓட்டுகிறவர் தனி மூட்டை. இதில் ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் போச்சு. அதற்குள் நம் கணினி, பழைய வேகத்தை வைத்துக்கொண்டு படகு இங்கேதான் இருக்கும் என்று ஊகித்து வரைந்துகொண்டே போகும். படகு அலைக்கு மேலே எழும்பி எங்கோ பறப்பது போல் தெரிவது அதனால்தான். பதில் வந்ததும் வெடுக்கென்று பின்னால் இழுக்கும். பதில் வராவிட்டால் தண்ணீர்தான்.

பழைய ஆட்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஸ்கிரிப்ட் உள்ள நகைகளைக் கழற்றிவிட்டுக் கிளம்புவார்கள். நாலு சதுரம் சந்திக்கும் மூலைப் பக்கம் போகமாட்டார்கள். கோட்டை நேராகத் தாண்டி, நாலைந்து நொடி விசையைத் தொடாமல் இருப்பார்கள். குழுப் பயணத்துக்கு வரும் புதியவர்களுக்கு நானும் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சாமர்த்தியம்தான் பிழையைக் காப்பாற்றுகிறது என்பது என் எண்ணம். தப்பிக்கத் தெரிந்தவர் புகார் எழுதுவதில்லை. தெரியாதவர் தன் இணையத்தைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறார், பலர் திரும்பி வருவதே இல்லை. குழு அரட்டையில் செய்தி பிந்தி வருவதும், சேர்த்துவைத்த பொருள்களின் பட்டியல் பெருத்தவர்கள் உள்ளே நுழையத் திணறுவதும் இதே கதைதான்.

பழகிப்போன பிழை எப்படி நீடிக்கும் என்பதற்கு வேறொரு உதாரணம்: ராக்ஸ்டார் நிறுவனத்தின் ஜிடிஏ ஆன்லைன் என்ற இணைய விளையாட்டு 2013-இல் வந்தது. கணினியில் ஆடுகிறவர்கள், உள்ளே நுழையப் பல நிமிடம் ஆகும், அது அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 2021-இல் வெளியாள் ஒருவர், மூல நிரல் கையில் இல்லாமலே அதைப் பிரித்துப் பார்த்தார். வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியல் 10 மெகாபைட் ஜேசன் கோப்பு (தகவல்களை எழுத்தாக அடுக்கிவைக்கும் ஒரு கோப்பு வகை), சுமார் 63,000 பதிவுகள். ஒவ்வொரு மதிப்பைப் படிக்கும்போதும் மீதிக் கோப்பின் நீளம் முழுவதையும் நிரல் மறுபடி அளந்தது. போதாததற்கு, ஒரு பொருளைச் சேர்க்கும் முன் அதுவரை சேர்த்த அத்தனையோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 200 கோடி ஒப்பீடு! இரண்டையும் சரிசெய்ததும் அவர் கணினியில் 6 நிமிடமாக இருந்த காத்திருப்பு 1 நிமிடம் 50 நொடியாகக் குறைந்தது. ராக்ஸ்டார் ஒப்புக்கொண்டு சில வாரங்களில் திருத்தம் வெளியிட்டது, அவருக்கு 10,000 டாலரும் கொடுத்தது. அத்தனை வருடம் அந்தத் திருத்தத்தைத் தடுத்தது தொழில்நுட்பம் இல்லை. உட்கார்ந்து பார்க்க யாரும் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் உலகில் எல்லை தாண்டுவது அத்தனை சுலபமான சிக்கல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். தொடுவதற்குத் தயங்க நியாயமான காரணமும் உண்டு. இந்த உலகத்துக்குள் படகு, வண்டி செய்து தரும் பயனர்கள் பலர் இந்தத் தாமதத்தைக் கணக்கில் வைத்தே ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறார்கள். கோடு நெருங்கினால் வேகம் தானாகக் குறையும். அடியில் இருப்பதை மாற்றினால் அந்த வண்டிகள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. செய்தவர்களில் சிலர் உலகத்தை விட்டே போய்விட்டார்கள், திருத்தித்தர ஆள் இல்லை. இதையெல்லாம் நிர்வாகம் வெளிப்படையாகச் சொன்னால் புரிந்துகொள்வோம். புது ஒளியமைப்பு, புது உடைகள் என்று மாதாமாதம் அறிவிப்பு வருகிறது, அதில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பழைய பிழைகளுக்கு ஒரு பொதுப் பட்டியல் வையுங்கள். யார் பார்க்கிறார்கள், கடைசியாக எப்போது பார்த்தார்கள், ஏன் நிற்கிறது என்று எழுதுங்கள்.

நம் பங்குக்கு, இனி விழுந்தால் விட்டுவிடாதீர்கள். எந்தச் சதுரத்திலிருந்து எந்தச் சதுரத்துக்கு, எத்தனை மணிக்கு, படகில் எத்தனை பேர், இரண்டு பக்கமும் என்ன சர்வர் பதிப்பு என்று குறித்துப் புகாராகப் போடுங்கள். ஏற்கெனவே ஒருவர் போட்டிருந்தாலும் உங்களுடையதையும் சேருங்கள்.