பத்து சென்ட் கம்பு நேப்பியர்: நான்காவது அறுப்பு வரை

இன்று நான்காவது அறுப்பு முடிந்தது. 10 சென்ட்டில் நான் மாட்டுத் தீவனத்துக்காக வைத்திருப்பது கோ 5 என்ற ரகக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். ஒரு டன் மக்கிய தொழுவுரம் போட்டு உழுது, பார் (மண் மேடு) பிடித்து, 60க்கு 50 செ.மீ. இடைவெளியில் இரண்டு பரு (முளைக்கும் மொட்டு) உள்ள கரணைகளை, அதாவது தண்டுத் துண்டுகளை, ஊன்றினேன். ஒரு பரு மண்ணுக்குள், ஒன்று வெளியே. மொத்தம் 1,350 கரணை பிடித்தது. நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு 10 நாளுக்கு ஒரு முறை. 78ஆம் நாள் முதல் அறுப்பு. அதுவரை களை எடுத்ததுதான் பெரிய வேலை.

நான் பாடம் படித்தது இரண்டாம் அறுப்புக்குப் பிறகு. ஒவ்வொரு அறுப்புக்கும் ஹெக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்பது கணக்கு. என் 10 சென்ட்டுக்கு 3 கிலோ. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து என்பதால் ஆறரை கிலோ யூரியா. அதைச் சாயங்காலம் மேலாகத் தூவிவிட்டு மோட்டாரைப் போட்டேன். மூன்று பார் பாய்ந்ததும் மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது. மீதிப் பார்களுக்கு நான்கு நாள் கழித்துத்தான் தண்ணீர் போனது. உரம் போட்ட மறுநாள் காலையில் அந்தப் பார்களில் குனிந்து பார்த்தபோது பனியில் நனைந்த குருணைகள் பாதி கரைந்து, சாணித் துகளோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. மூக்கைச் சுள்ளென்று தாக்கும் அம்மோனியா வாடை. போட்ட சத்து காற்றில் போய்க்கொண்டிருந்தது.

அந்த மூன்று பார்தான் எனக்கு ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்தது. 30ஆம் நாள் அங்கே புல் இடுப்பளவு, கரும்பச்சை. மற்ற இடத்தில் முழங்காலுக்குச் சற்று மேலே, வெளிறிய நிறம். மூன்றாம் அறுப்பில் இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் தூரை எடை போட்டேன். 16 கிலோ, 10 கிலோ. உரம் ஒன்றே, அறுத்த நாளும் ஒன்றே.

அதிலிருந்து முறையை மாற்றிக்கொண்டேன். தரையிலிருந்து 10, 15 செ.மீ. விட்டு அறுக்கிறேன். மூன்றாம் நாள் களைக்கொத்தால் பார் ஓரமாகக் கோடு கீறி, யூரியாவை அதில் விட்டு மண்ணைத் தள்ளி மூடி, அன்றே தண்ணீர் பாய்ச்சுகிறேன். மோட்டார் ஓடி, மடையில் தண்ணீர் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உரச் சாக்கைப் பிரிப்பது. தண்ணீர் தேங்கவும் விடுவதில்லை. கடைசிப் பாரில் தேங்கிய இடத்தில் நான்கு தூர் அழுகிவிட்டது, அது இன்னமும் மனதை உறுத்துகிறது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) மூன்று அறுப்புக்கு ஒரு முறை போதும். சூப்பர் பாஸ்பேட் பன்னிரண்டரை கிலோ, பொட்டாஷ் 2.7 கிலோ போட்டேன்.

இன்றைய அறுப்பில் எல்லாப் பாரும் ஒரே உயரம். எங்கே எடுத்தாலும் பத்துத் தூர் 15 கிலோவுக்குக் குறையவில்லை. பார்க்கவே நிறைவாக இருந்தது.

ஆனாலும் இந்தப் புல்லை மட்டுமே மாட்டுக்குப் போட எனக்கு மனமில்லை. இதில் மாட்டின் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போடும் ஆக்சலேட் உண்டு, புரதமும் போதாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுவகைத் தீவனம் கலக்க வேண்டும். அதற்காகத்தான் வரப்பை ஒட்டி வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியை விதைத்திருக்கிறேன். அதன் விதைத்தோல் கெட்டி. அதனால் கொதித்த தண்ணீரை இறக்கி, 80 டிகிரிக்கு ஆறியதும் விதையை ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைத்தேன். 20 நாள் ஆகிறது. விரல் உயரத்தில் வரிசை பிடித்து நிற்கிறது. முதல் வெட்டு 90ஆம் நாள்.