நடுக்குருத்து

ஜனவரி 11
கடுகு விதைத்துவிட்டேன். தொட்டியில் விரலால் கோடு கிழித்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல் தூவி மூடினேன். இத்தனூண்டு விதை. ஆழத்தில் போட்டால் மேலே வரத் தெம்பு இருக்காது என்பாள் அம்மா.

ஜனவரி 12
போன் வரவில்லை.

ஜனவரி 15
முளைத்துவிட்டது! நாலே நாள். எண்ணினேன், 36. இரண்டிரண்டு வித்திலை, ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னப் பிளவு. படம் எடுத்து அனுப்பினேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாளாம். ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஜனவரி 19
ஒன்பது சாய்ந்துவிட்டது. மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக மெலிந்து, கறுத்து, அப்படியே படுத்துக் கிடக்கிறது. நாற்றழுகல். நான்தான் காரணம். ராத்திரி தூக்கம் வராத போதெல்லாம் எழுந்துபோய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். இனிமேல் காலையில் மட்டும், அதுவும் விரலை விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்திருந்தால்தான்.

ஜனவரி 20
ஊற்றவில்லை.

ஜனவரி 26
27 செடியும் முண்டியடித்து நிற்கின்றன. இடைவெளி விட்டால்தான் இலை அகலும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடிவிடும், அதனால் கத்தரிக்கோலால் அடியோடு வெட்டினேன். எட்டை மட்டும் விட்டேன். எதை விடுவது என்று முடிவெடுக்கவே அரை மணி நேரம்.

வெட்டியதில் ஒன்றை வாயில் போட்டேன். முதலில் ஒன்றுமே இல்லை. மென்றதும் சுரீரென்று மூக்கில் ஏறியது. இலை நசுங்கும்போதுதான் அந்தக் காரமே உண்டாகிறது. அம்மாவுக்கு இப்போது எதிலும் ருசி தெரியவில்லையாம். இது தெரியும். மூக்கில் ஏறுவது எப்படித் தெரியாமல் போகும்?

பிப்ரவரி 2
இலையெல்லாம் ஊசியால் குத்தியது போலத் துளை. கறுப்பு வண்டு, கடுகளவுதான். கை கிட்டே போனதும் தத்திவிடுகிறது. தட்டி விரட்டிவிட்டு, மெல்லிய துணியால் மூடி ஓரத்தை இறுக்கிக் கட்டினேன்.

பிப்ரவரி 5
அம்மா பேசினாள்! ஒரே வார்த்தை. “நடுக்குருத்து.”
“தொடலைம்மா” என்றேன்.

பிப்ரவரி 10
சொன்னபடி வெளிவட்ட இலைகளை மட்டும் வெட்டினேன், ஆறு. ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனேன். உள்ளே கொண்டுபோக விடவில்லை.

பிப்ரவரி 17
வெயில் ஏறிவிட்டது, பகலும் நீள்கிறது. இரண்டும் சேர்ந்தால் கடுகு பூக்க ஓடும். அப்புறம் இலை முற்றிக் கசந்துவிடும். மத்தியான வெயில் படாமல் தொட்டியை நகர்த்தி வைத்தேன். காய்ந்தாலும் பூக்க அவசரப்படும் என்பதால் இப்போது மண்ணைக் காயவே விடுவதில்லை.

பிப்ரவரி 19
இன்னும் ஒரு வாரமாம். போன வாரமும் ஒரு வாரம் என்றுதான் சொன்னார்கள்.

பிப்ரவரி 21
இரண்டு செடியின் நடுவில் மொட்டுக் கொத்து. கிள்ளினால் சில நாள் தள்ளிப்போகும். ஆனால் அது நடுக்குருத்து. கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 22
ஒன்றைக் கிள்ளினேன். ஒன்றை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 24
விட்டதில் மஞ்சள் தெரிகிறது. மற்ற ஆறிலும் இன்னும் மொட்டு இல்லை. தினமும் ஒரு இலை கிள்ளி மென்று பார்க்கிறேன். இன்றைக்கும் மூக்கில் ஏறியது.