யாரும் பார்க்காத சென்டர்: மகனுக்குக் கல்லூரி ஃபுட்பால் இடம் தேடிய 18 மாதங்கள்

ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் ஃபுட்பால்தான். காலால் உதைக்கும் பந்தாட்டத்தைச் சொல்லவில்லை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பால். என் மகன் ஏழாம் வகுப்பில் அணியில் சேர்ந்தபோது ஒரு வருடத்தில் விட்டுவிடுவான் என்று நினைத்தோம். அவன் விடவில்லை. 2022 நவம்பரில், பதினோராம் வகுப்பு சீசன் முடிந்த வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான்: "அம்மா, காலேஜ்லயும் ஆடணும்."

அவன் ஆடும் இடம் சென்டர். பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவன். பந்தை உதைக்கும் நேரத்தில் அவனே லாங் ஸ்னாப்பர். அதாவது, 15 கெஜம் பின்னால் நிற்பவரின் கைக்குப் பந்தைச் சுழல விட்டு அனுப்ப வேண்டும். உயரம் ஆறு அடி, எடை 228 பவுண்டு. நம் வீடுகளில் இது பெரிய உடம்பு. கல்லூரி ஃபுட்பாலில், அதுவும் முன்வரிசையில், இது சின்ன உடம்பு. பெரிய பல்கலைக்கழகங்களின் முன்வரிசைப் பையன்கள் ஆறு அடி மூன்று அங்குலத்துக்கு மேல், முந்நூறு பவுண்டை ஒட்டி இருப்பார்கள்.

டெக்சஸில் மே மாதம் கல்லூரிக் கோச்சுகள் பள்ளி பள்ளியாக வருவார்கள். 2023 மே மாதம் எங்கள் பள்ளிக்கும் வந்தார்கள். கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. அதில் இருந்த நான்கு பையன்களை மட்டும் பார்த்தார்கள், கைகுலுக்கினார்கள், கிளம்பிவிட்டார்கள். 6ஏ என்ற மிகப் பெரிய பிரிவில் ஆடும் பள்ளி. அணியில் தொண்ணூறு பேருக்கு மேல். எங்கள் பள்ளிக் கோச் நல்ல மனிதர், ஆனால் வகுப்பும் எடுக்க வேண்டும், அணியையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பையனுக்காகவும் கல்லூரிகளுக்குப் போன் போட அவருக்கு ஏது நேரம்? யாராவது வந்து கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

அதற்கு முன் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு தொடக்கத்திலிருந்தே வீட்டுக்கு 'கேம்ப்' என்ற பயிற்சி முகாம்களுக்கு அழைப்புகள் வந்தன. பெரிய பல்கலைக்கழகத்தின் சின்னம் போட்டு, மகனின் பெயரைப் போட்டு, "உன்னை எங்கள் மைதானத்தில் பார்க்க விரும்புகிறோம்" என்று. நான் அதை நம்பினேன். மூன்று கேம்புகளுக்குப் பணம் கட்டினோம், ஹோட்டலில் தங்கினோம். ஒரு கேம்பில் அவனோடு வரிசையில் நின்றவர்கள் சில நூறு பேர்; எல்லோர் கையிலும் அதே அழைப்பு. உண்மையில் விருப்பம் இருக்கும் கோச் உங்கள் பையனுக்குப் போன் செய்வார், பள்ளிக் கோச்சிடம் விசாரிப்பார், மதிப்பெண் பட்டியல் கேட்பார். இந்த மூன்றும் இல்லாத அழைப்பு வெறும் விளம்பரம்.

பிறகு ஒரு தனியார் நிறுவனம் வந்தது. பையனின் விவரங்களைக் கல்லூரிகளுக்கு அனுப்பித் தருவோம், மொத்தம் 2,800 டாலர், தவணையிலும் கட்டலாம் என்றார்கள். அன்றே முடிவு சொல்லாவிட்டால் இடம் போய்விடும் என்றும் சொன்னார்கள். அந்த அவசரம்தான் என்னை நிறுத்தியது. அவர்கள் செய்யப்போவதாகச் சொன்ன ஒவ்வொரு வேலையையும் பிறகு நாங்களே செய்தோம்.

முதல் வேலை வீடியோ. பெரும்பாலான பள்ளிகள் ஆட்டங்களை ஹடில் என்ற தளத்தில் ஏற்றி வைக்கின்றன. அதிலிருந்து பையனே தன் ஆட்டத் துண்டுகளை வெட்டிக் கோக்கலாம். மகன் முதலில் செய்தது ஒன்பது நிமிடம், பின்னணியில் பாட்டு. பள்ளிக் கோச் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்: கல்லூரிக் கோச்சுகள் முதல் ஐந்து துண்டுகளைப் பார்ப்பார்கள், பிடிக்கவில்லை என்றால் மூடிவிடுவார்கள். சிறந்ததை முன்னால் வை, மூன்று நிமிடத்தில் முடி, ஒவ்வொரு துண்டும் தொடங்கும்போது நீ எங்கே நிற்கிறாய் என்று அம்புக்குறி போடு. எதிராளியைத் தள்ளுவது மட்டும் போதாது, விசில் வரும்வரை விடாமல் தள்ளுவது தெரிய வேண்டும். முழுதாக ஒரு ஆட்டத்தையும் தனியாக இணைத்துவிடு, ஏனென்றால் வெட்டி ஒட்டியதில் தவறு தெரியாது.

ஸ்னாப்புக்குத் தனி வீடியோ. இங்கே என் கணவர் இறங்கினார். போனில் நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்து, பந்து கையை விட்டு அசைந்ததிலிருந்து பின்னால் நிற்பவர் கையில் விழும்வரை ஃபிரேம் ஃபிரேமாக எண்ணுவார். கல்லூரி அளவில் 0.75 நொடிக்குப் பக்கத்தில் எதிர்பார்ப்பார்கள். மகன் தொடங்கியபோது 54 ஃபிரேம், அதாவது 0.9 நொடி. அந்தக் கோடை முழுவதும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், வெயில் சற்றுத் தாழ்ந்ததும், தினமும் நூறு பந்து. இவர் அலுவலகத்திலிருந்து வந்து காலணியைக்கூட மாற்றாமல் 15 கெஜம் தள்ளி நிற்பார். ஜூலை முடிவில் 47 ஃபிரேம்.

அடுத்தது மின்னஞ்சல். கல்லூரிகளின் விளையாட்டுத் தளங்களில் கோச்சுகளின் முகவரி வெளிப்படையாகவே இருக்கிறது. 64 கல்லூரிகளை எக்செல் தாளில் போட்டோம்: முன்வரிசைக் கோச் யார், ஹூஸ்டன் பகுதிக்குப் பொறுப்பானவர் யார், எப்போது எழுதினோம், பதில் என்ன. முதல் பத்து மின்னஞ்சலை நானே அவன் பெயரில் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பிறகு ஒரு கல்லூரிக் கோச் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார், பெற்றோர் எழுதியது எங்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும் என்று. அதன்பின் அவனே எழுதினான், நான்கே வரிகள். தலைப்பிலேயே முடிக்கும் ஆண்டு 2024, ஆடும் இடம், உயரம், எடை, ஜி.பி.ஏ. என்ற மதிப்பெண் சராசரி. உயரத்தை ஆறு அடி ஒன்று என்று போடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றோம், நேரில் வந்து அளந்தால் பொய் தெரிந்துவிடும், அப்புறம் எதையும் நம்ப மாட்டார்கள்.

அந்த நாட்களில்தான் போனை நீட்டிக் காட்டினான்: தொழில்முறை அணியான பஃபலோவின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோஷ் ஆலனுக்கும் பள்ளி முடிக்கும்போது பெரிய கல்லூரி எதுவும் இடம் தரவில்லை. கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற விவசாய ஊர். ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிவிட்டு, நாடு முழுவதும் கோச்சுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கடைசியில் வயோமிங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். "அவரும் எக்செல் தாள் வச்சிருப்பாரும்மா" என்றான்.

64 பேரில் பதினொரு பேர் பதில் எழுதினார்கள். அந்தப் பதினொன்றில் பெரிய கல்லூரி ஒன்றுதான். மீதி எல்லாம் அதற்குக் கீழ்த்தட்டுகளான டிவிஷன் 2, டிவிஷன் 3. எங்களுக்கு அப்போது வித்தியாசமே தெரியாது. அந்த ஆண்டு விதிப்படி, டிவிஷன் 1-இன் மேல்தட்டான எஃப்.பி.எஸ். அணிக்கு 85 ஸ்காலர்ஷிப், அடுத்த தட்டான எஃப்.சி.எஸ். அணிக்கு 63, டிவிஷன் 2-க்கு 36. பின்னிரண்டையும் பல பையன்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். டிவிஷன் 3-இல் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடக் கிடையாது. இதைக் கேட்டதும் என் கணவர் முகம் விழுந்தது. ஆனால் படிப்புக்காக அந்தத் தனியார் கல்லூரிகள் தரும் உதவித்தொகை பெரிது. எங்கள் வருமானத்துக்குத் தேவை அடிப்படையிலான உதவி கிடைக்காது. அவன் மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது. எல்லாம் கழித்துப் பார்த்தால் அரசுப் பல்கலைக்கழகச் செலவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

மதிப்பெண் பற்றி ஒன்று. டிவிஷன் 1, 2-க்கு, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையத்தில் பதிவு செய்ய வேண்டும். பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். டிவிஷன் 1-க்கு அதில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்தாக வேண்டும். இது ஒன்பதாம் வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நம் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் தானாக அமைந்துவிடும். ஆனால் மகனின் நண்பன் ஒருவனுக்கு அமையவில்லை, அவனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது.

அவன் சேஃப்டி, தற்காப்பில் கடைசி ஆள். எனக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது, ஆனாலும் பந்து போகும் இடத்துக்கு அவன் முன்கூட்டியே போய் நிற்பது எனக்கே தெரியும். என் மகனைவிட நல்ல ஆட்டக்காரன். என் மகனே அதைச் சொல்வான். அவன் அம்மா இரவுப் பணி, இவன் பள்ளி முடிந்ததும் கடையில் வேலை, வீட்டில் இரண்டு தம்பிகள். கேம்ப் இல்லை, வீடியோ இல்லை, மின்னஞ்சல் இல்லை. அக்டோபரில்தான் எங்களுக்கு உறைத்தது. என் மகன் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அவனுடைய ஹடில் வீடியோவைக் கோத்தான். எங்கள் தாளிலிருந்து முகவரிகளை எடுத்து இருவரும் அனுப்பினார்கள். மூன்று கோச்சுகள் உடனே பதில் எழுதினார்கள், பாடப் பட்டியலைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள். கணிதத்தில் ஒரு பாடம் குறைவு. ஒன்பதாம் வகுப்பில் யாராவது ஒருவர் அவனிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

எங்களுக்குப் பதில் எழுதிய அந்த ஒரு பெரிய கல்லூரி, ஸ்காலர்ஷிப் இல்லாத 'வாக்-ஆன்' இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. செப்டம்பரில் மும்முறை செய்தி வந்தது. டிசம்பரில் நின்றுபோனது. வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியலாக 2018-இல் வந்த ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக, ஏற்கெனவே கல்லூரியில் ஆடிக்கொண்டிருக்கும் 21 வயது ஸ்னாப்பரை எடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. 2021 முதல் ஒரு வருடம் உட்கார வைக்காமலே மாற விட்டதால், தயாரான ஆள் கிடைக்கும்போது பதினெட்டு வயதுப் பையனுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது. ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரிகளே பணம் தர வழிவிட்ட 2025 ஒப்பந்தத்தில் சேர்ந்த கல்லூரிகளில் இப்போது அணிக்கு 105 பேர் என்ற வரம்பு. வாக்-ஆன் பையன்களுக்கு வழி இன்னும் குறுகல். அந்த டிசம்பர் மாதம் அவன் போனைக் கவிழ்த்து வைத்தபடிதான் சாப்பிடுவான். பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனேன். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

ஜனவரியில் ஒரு டிவிஷன் 3 கல்லூரி எங்களை அழைத்தது. வீட்டிலிருந்து நான்கு மணி நேரம். ஜூன் மாதம் பல கல்லூரிக் கோச்சுகள் ஒரே மைதானத்துக்கு வந்த கேம்பில் அவன் ஸ்னாப்பை நின்று பார்த்த அதே கோச். அவர் முதலில் கேட்டது என்ன படிக்கப் போகிறாய் என்று. பிறகு பொறியியல் துறைக்கு அவரே நடந்து கூட்டிப்போனார். என் கணவருக்கு மனதில் ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகம்தான் இருந்தது. மகன் வகுப்பில் முதல் பத்து விழுக்காட்டில் இருந்தான், தானாக இடம் தர ஆஸ்டின் அந்த ஆண்டு கேட்ட ஆறு விழுக்காட்டில் இல்லை. திரும்பி வரும்போது கார் ஓட்டிக்கொண்டே, "அந்தக் கோச் அவன் பெயரைச் சரியாச் சொன்னார், கவனிச்சியா?" என்றார். அதோடு ஆஸ்டின் பேச்சு நின்றது.

பிப்ரவரி 7, கல்லூரிக்கு ஆடப்போகும் பையன்கள் கையெழுத்திடும் நாள். பள்ளி ஜிம்மில் மேசை போட்டார்கள். டிவிஷன் 3 பையன்களுக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் கடிதம் இல்லை, கொண்டாட்டத்துக்காக ஒரு தாள் உண்டு. அதில் கையெழுத்திட்டான். நண்பன் அன்று பார்வையாளர் பக்கம் உட்கார்ந்து கைதட்டினான். அவனுக்கு மே மாதம் கிழக்கு டெக்சஸிலிருந்து ஓர் இரண்டாண்டுக் கல்லூரி கூப்பிட்டது. பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் நட்சத்திரமான கேம் நியூட்டன் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் 2009-இல் ஆடியதும் இப்படி ஒரு டெக்சஸ் இரண்டாண்டுக் கல்லூரியில்தான், பிரென்ஹம் ஊரின் பிளின். விண்ணப்பத்தை எங்கள் வீட்டு பிரின்டரில்தான் எடுத்தான். அவன் அம்மா பணி முடிந்து அப்படியே சீருடையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, என் சமையலறையில் நின்று அழுதார்.

2024 செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்குப் போனோம். இரண்டாயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள். இரண்டாம் கால்பகுதியில் பந்தை உதைக்க அணி இறங்கியது. முதலாண்டுப் பையன் என்றாலும் ஸ்னாப்புக்கு அவனைத்தான் அனுப்பினார்கள். குனிந்தான், பந்து போனது, உதைத்தார்கள், எல்லோரும் பந்து விழும் திசையைப் பார்த்தார்கள். என் கணவர் மட்டும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாற்பத்தஞ்சு" என்றார்.