மினிட் தாளில் ஒரு வரி

1994இல் திருகோணமலையில் வடக்கு-கிழக்கு மாகாண சபையில் எழுதுவினைஞராக வேலைக்குச் சேர்ந்தேன். பெயரில்தான் சபை, உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 1988 கடைசியில் முதலமைச்சரான வரதராஜப்பெருமாள் 1990 மார்ச்சில் நாட்டை விட்டுப் போனார். அதோடு சபையும் போய்விட்டது. மிஞ்சியது ஆளுநர், பிரதம செயலாளர், திணைக்களங்கள், நாங்கள், எங்கள் ஃபைல்கள். 2021இல் ஓய்வு பெறும்வரை 27 வருஷம் வேலை செய்தேன். அதில் அமைச்சர் என்று ஒருவருடைய மேசைக்கு ஃபைல் போனது அஞ்சே அஞ்சு வருஷம்.

அந்த அஞ்சு வருஷத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். வெளியில் இருப்பவர்கள் மாகாண அரசைப் பற்றிப் பேசும்போது முதலமைச்சர், தீர்மானம், ஆளுநரோடு சண்டை என்றுதான் பேசுவார்கள். எனக்கு ஞாபகம் வருவது மினிட் தாள். ஃபைலின் இடது பக்கம் டாக் போட்டுக் கட்டியிருக்கும். கீழிருந்து மேலே ஒவ்வொருவரும் தங்கள் குறிப்பை எழுதி, ஒரு கோடு போட்டு, கையெழுத்து வைத்து மேலே அனுப்புவோம். எழுதுவினைஞர், நிர்வாக உத்தியோகத்தர், உதவிச் செயலாளர், அமைச்சின் செயலாளர். 2013க்குப் பிறகு அதற்கு மேல் ஒரு புது வரி வந்தது: கௌரவ அமைச்சர்.

அந்த வருஷம் செப்டெம்பர் 21ஆம் திகதி தேர்தல். 2007இல் வடக்கும் கிழக்கும் பிரிந்தபிறகு வடக்குக்கு அதுதான் முதல் தேர்தல். 38 ஆசனத்தில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. விக்னேஸ்வரன் ஐயா முதலமைச்சர். அவரோடு சேர்த்து அமைச்சர்கள் அஞ்சு பேர், அதற்குமேல் ஒருவரைக்கூடப் போட முடியாது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதனால் விவசாயம், சுகாதாரம், கல்வி, மீன்பிடி, போக்குவரத்து, உள்ளூராட்சி என்று எல்லாவற்றையும் அஞ்சு பொட்டலமாகக் கட்டினார்கள். ஒரே அமைச்சின் பெயர்ப்பலகையில் ஒன்றோடொன்று ஒட்டாத அஞ்சாறு விஷயம் வரிசையாக நிற்கும். பலகை எழுதியவர் இடம் போதாமல் கடைசிச் சொல்லை நெருக்கி எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

அப்போதுதான் நான் ஒரு பிழை விட்டேன். எந்த அமைச்சு என்று சொல்லமாட்டேன். துணுக்காயில் ஆறு வருஷம் இருந்த பெண் உத்தியோகத்தர் ஒருவர், சின்னப் பிள்ளைகள், இடமாற்றம் கேட்டு அமைச்சரைப் போய்ப் பார்த்திருக்கிறார். அமைச்சர் கடிதத்தின் ஓரத்தில் "ஆவன செய்க" என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். நான் சந்தோஷமாக இடமாற்றக் கடிதத்தை அடித்தேன். முதல் வரி: "கௌரவ அமைச்சரின் கட்டளைப்படி". செயலாளர் சிவப்புப் பேனாவால் அதை ஒரே இழுப்பில் வெட்டினார்.

"பிள்ளை, அமைச்சர் உங்களை இடமாற்றுவாரோ?" என்று கேட்டார்.

நான் முழித்தேன். 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தை எடுத்து 32ஆம் பிரிவைக் காட்டினார். மாகாண அரச சேவையில் இருப்பவர்களின் நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம், ஒழுக்காற்று எல்லாம் ஆளுநரிடம். ஆளுநர் அதை மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவிடம் கையளிக்கலாம். அந்த ஆணைக்குழுவை நியமிப்பவரும் ஆளுநர்தான். இதில் அமைச்சர் எங்கேயும் இல்லை. அவர் சிபாரிசு செய்யலாம். அவ்வளவுதான். கடிதம் "சேவையின் தேவை கருதி" என்று மாறி, வேறு ஆளின் கையெழுத்தோடு, மூன்று மாதம் கழித்துப் போனது.

இருபது வருஷம் இந்த மாகாணத்தில் வேலை செய்தவள், சட்டத்தை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநருடையது. அதை அவர் நேரடியாகப் பாவிக்கலாம், அமைச்சர்கள் மூலம் பாவிக்கலாம், தனக்குக் கீழுள்ள உத்தியோகத்தர்கள் மூலமும் பாவிக்கலாம். மூன்று வழி; அமைச்சர் அதில் ஒன்று. அமைச்சர் வாரியத்தின் வேலை ஆளுநருக்கு உதவுவதும் ஆலோசனை சொல்வதும். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஜனாதிபதி விரும்பும்வரை அவர் இருப்பார். ஒரு விஷயம் ஆளுநர் தன் தற்றுணிபில், அதாவது யாருடைய ஆலோசனையும் இல்லாமல், செய்யக்கூடியதா இல்லையா என்று கேள்வி வந்தால், அதற்கும் அவர் சொல்வதுதான் முடிவு. பிரதம செயலாளரை நியமிப்பவரும் ஜனாதிபதி. முதலமைச்சரின் இணக்கம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதும் நடப்பதும் ஒன்றா என்று 2014இல் முதலமைச்சருக்கும் பிரதம செயலாளருக்கும் நடந்த இழுபறியைப் பேப்பரில் வாசித்தவர்களுக்குத் தெரியும்.

இதன் உச்சம் டெனீஸ்வரன் வழக்கு. 2017 ஓகஸ்டில் முதலமைச்சர் அவரை அமைச்சர் பதவியிலிருந்து நீக்கினார். அவர் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். முதலமைச்சரின் ஆலோசனையில் அமைச்சரை நியமிப்பவர் ஆளுநர், ஆகவே நீக்கும் அதிகாரமும் ஆளுநரிடமே என்பதுதான் வாதம். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2018 நடுப்பகுதியில் இடைக்காலக் கட்டளை வந்தபோது, அவருடைய இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆள் வந்திருந்ததால், அமைச்சர்களை எண்ணிப் பார்த்தால் ஆறு பேர்! சட்டத்தில் இடம் அஞ்சு. தன் அமைச்சரவையில் யார் இருக்கிறார் என்பதை முதலமைச்சரே தீர்மானிக்க முடியாத முதலமைச்சர் பதவி. விக்னேஸ்வரன் ஐயா உச்ச நீதிமன்ற நீதியரசராக இருந்தவர் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். எங்கள் கந்தோரில் தேத்தண்ணி நேரம் முழுக்க இந்தக் கதைதான்.

சனங்களுக்கு இதெல்லாம் விளங்காது. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர்களுக்கு றோட்டுத் திருத்த வேண்டும். ஆனால் றோட்டிலும் இதே சிக்கல்தான். ஏ, பி வகுப்பு வீதி கொழும்பின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வகுப்பு மாகாணத்துக்கு. உள் ஒழுங்கை பிரதேச சபைக்கு. ஒரே சந்தியில் மூன்று சொந்தக்காரர் நிற்பார்கள். மாரியில் வெள்ளம் வந்தால் மூன்று பேரும் மற்ற இரண்டு பேரையும் காட்டுவார்கள். கச்சேரி என்கிற மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகமும் மத்திய அரசுக்குக் கீழ். ஜீ.ஏ.க்கோ (அரசாங்க அதிபர்) டீ.எஸ்.க்கோ (பிரதேச செயலாளர்) மாகாண அமைச்சர் கட்டளை போட முடியாது, கேட்டுக்கொள்ளலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்தியில், பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை மாகாணத்தில். தேசியப் பாடசாலை அங்கே, மற்றப் பள்ளிக்கூடம் இங்கே. வடக்கு மாகாண சபை இருந்த கைதடிக்கு வந்து நிற்கும் ஆட்களில் கொஞ்சப் பேரை "இது இங்க இல்லை, அம்மா" என்று திருப்பி அனுப்புவதும் என் வேலையாக இருந்தது.

காசு? வருவதில் பெரும்பங்கு கொழும்பிலிருந்து. அதிலும் பெரும்பங்கு எங்கள் சம்பளம். முதலமைச்சர் நிதியம் ஒன்று தொடங்கப் பார்த்தார்கள். அதற்கான நியதிச்சட்டத்துக்கு, அதாவது மாகாண சபை இயற்றும் சட்டத்துக்கு, ஆளுநரின் அனுமதி கிடைக்கவில்லை. இதை நீட்டி எழுதினால் எனக்குக் கோபம் வரும், விடுகிறேன்.

2018 ஒக்டோபர் கடைசியில் சபையின் காலம் முடிந்தது. அடுத்த நாள் காலை வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுவிட்டு இருந்தேன். ஃபைல்கள் வந்தன, போயின. செயலாளருக்கு மேலே இருந்த அந்த ஒரு வரி மட்டும் இல்லை. அமைச்சர் பார்க்க வேண்டியவற்றை இனி ஆளுநர் பார்ப்பார். சபை நிறைவேற்ற வேண்டிய வரவு-செலவையும் அவரே பார்ப்பார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஃபைல் முன்னையைவிட வேகமாக நகர்ந்தது. விறாந்தையில் சத்தம் போட ஆளில்லை. அமைச்சரின் வீட்டு வாசலில் விடியக்காலை நின்றவர்கள், ஏசியவர்கள், "உனக்குத்தானே வோட்டுப் போட்டனான்" என்று மேசையில் தட்டியவர்கள் ஒருவரும் வரவில்லை. ஆளுநரிடம் மனு கொடுக்கலாம், வோட்டைச் சொல்லி ஏச முடியாதே.

2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். அடுத்த வருஷம் அந்தப் புது முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றமே தோற்கடித்தது. அதோடு நாடு முழுக்க ஒன்பது மாகாணத்திலும் தேர்தல் முடங்கிவிட்டது. நான் ஓய்வு பெறும்வரை அந்த வரி திரும்ப வரவில்லை.

கடைசி நாள் பொருட்பட்டியல் ஒப்படைக்கும்போது லாச்சியின் அடியில் அமைச்சரின் றப்பர் முத்திரை கிடந்தது. மை காய்ந்து எழுத்துக்குள் இறுகியிருந்தது. எனக்குப் பிறகு வந்த பிள்ளை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை எறியட்டோ அக்கா?" என்றாள். அரச சொத்து, எறிய ஏலாது. பட்டியலில் 14ஆம் இலக்கமாக எழுதினேன்: "றப்பர் முத்திரை – 1, பாவனையில் இல்லை". அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.