சுக்கான் பாறைமேல் ஒரு கோழிக்கொட்டில்

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரின் கிழக்கு விளிம்பில், சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கொல்லைச் சுவரைத் தாண்டினால் சொனோரன் பாலைவனம்தான். 2024-இல் அரிசோனா மாநிலம் இயற்றிய சட்டத்தின்படி நகர எல்லைக்குள் இருக்கும் தனி வீடுகளிலும் சில கோழிகளை வளர்க்கலாம் என்று ஆனபிறகு, தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் சில என்னிடம் கொட்டில் கட்டும் முறையைக் கேட்கத் தொடங்கின. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. நான் முதலில் கட்டியதைப் பார்த்து யாரும் கட்டிவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

2023 மார்ச்சில் ஐந்து பெட்டைக்கோழிகளை வாங்கினேன். கடையில் விற்ற மரக்கூண்டு ஒன்றையும், அதை ஒட்டி அறுகோணக் கண் கொண்ட கோழிவலையால் ஓர் அடைப்பையும் அமைத்து, இரவில் கோழிகளைக் கூண்டுக்குள் விட்டுப் பூட்டினேன். அந்தக் கோடையில் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாட்கள் தொடர்ந்து பீனிக்ஸில் பகல் வெப்பம் 110 ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 43 செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. பகலைவிடக் கொடுமை இரவுதான். அவற்றுள் 16 இரவுகள் தொடர்ந்து 32 செல்சியஸுக்குக் கீழே இறங்கவே இல்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. இறக்கையை விரித்து, கொண்டையின் வழியாகவும் திறந்த அலகின் மூச்சு வழியாகவும்தான் அது தன் உடல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஐந்து கோழிகளின் உடல் சூடும் மூச்சின் ஈரமும் ஒரு மரப்பெட்டிக்குள் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை ஜூலை நடுவில் ஒரு காலை தெரிந்துகொண்டேன். இரண்டு கோழிகள் கழுத்தை நீட்டியபடி கதவோரம் செத்துக் கிடந்தன.

அன்றிரவே கூண்டின் கதவைத் திறந்து வைத்தேன். ஒன்பதாம் நாள் ஒரு காட்டுப்பூனை, இங்கே பாப்கேட் என்று சொல்லும் குட்டை வால் பூனை, கோழிவலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் மூன்றாவது கோழியைத் தூக்கிச் சென்றது. கிழிந்த இடத்தைப் பிறகு தடவிப் பார்த்தேன். கம்பி அறுபடவில்லை, முறுக்குகள் மட்டும் ஒவ்வொன்றாகப் பிரிந்திருந்தன. அந்த வலை கோழி வெளியே போகாமல் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது, உள்ளே வருபவனைத் தடுப்பதற்காக அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பூட்டினால் புழுங்கிச் சாகும், திறந்தால் பூனை கொண்டுபோகும் என்ற நிலையில், கூண்டு என்ற ஒன்றே இந்த ஊருக்குத் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தேன். வலையடைப்பையே இரவுக்கும் பகலுக்குமான வீடாக, நான்கு பக்கமும் காற்று நுழையும்படி, ஆனால் ஒரு எலிகூட எளிதில் நுழையாதபடி கட்டிவிட்டால், உறங்குவதற்கு உள்ளே ஒரு மரச்சட்டமும் முட்டையிட ஒரு பெட்டியும் போதும். குளிர்காலத்திலும் எங்கள் பக்கம் உறைபனி அபூர்வம். சுவர் இல்லாததால் கோழிகள் இதுவரை வருந்தியதில்லை.

இரண்டாவது கட்டுமானம் நவம்பரில் தொடங்கியது. இங்கே மண் வேலைக்கு அதுதான் பருவம். பதினாறு அடி நீளம், எட்டு அடி அகலம். மாலை வெயிலை ஒரு மெஸ்கீட் மரம் தடுக்கும்படி இடம் தேர்ந்தேன். மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்தின் இனம்தான். அந்த மரத்தைத் திட்டியே வளர்ந்த எனக்கு அதன் நிழலுக்காக ஏங்க வேண்டிவந்தது. ஒன்றரை அடி தோண்டியதும் கடப்பாரை கணீரென்றது. இங்கே அதைக் கலீச்சி என்கிறார்கள். நம் ஊர்க் கிணறு வெட்டுபவர்கள் சுக்கான் என்று சொல்லும் அதே சுண்ணாம்புப் பாறைதான். கால் குழிகள் எட்டை வெட்டவே இரண்டு வார இறுதிகள் போயின. (இந்தப் பாலைவன மண்ணில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை ஒன்று உண்டு, அதனால் வரும் நோயை வேலி ஃபீவர் என்பார்கள். மண்ணை நனைத்துவிட்டு, முகக்கவசம் அணிந்தே தோண்ட வேண்டும்.)

சுற்றிலும் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி வலையைப் புதைக்கச் சொல்கிறார்கள். சுக்கான் மண்ணில் அது நடக்காது, நடக்கவும் தேவையில்லை. நான்கடி அகல வலையை எல் வடிவில் மடித்து, இரண்டடியைச் சுவராக நிறுத்தி, மீதி இரண்டடியை வெளிப்பக்கம் தரையில் பாய்போல விரித்து, மேலே கல் பரப்பினேன். தோண்டும் விலங்கு எதுவும் சுவரின் அடியில்தான் தோண்டத் தொடங்கும். பின்னால் நகர்ந்து வலையின் விளிம்பைத் தேடும் புத்தி அதற்கு இல்லை. கயோட்டி என்னும் சிறு ஓநாய் வந்துபோன காலைகளில் சுவரோரக் கற்கள் சிதறி, கீழே கம்பி பளபளக்க, நகக்கீறல்கள் மட்டும் இருக்கும்.

வலை அரை அங்குலச் சதுரக் கண் உள்ள, துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ், கம்பியின் தடிமன் 19 கேஜ். அதை ஸ்டேப்பிள் அடித்து நிறுத்தாமல், அகல வாஷர் வைத்து ஆறு அங்குலத்துக்கு ஒரு திருகு போட்டேன். கணுக்கால் உயரத்துக்கு மட்டும் கால் அங்குலக் கண் கொண்ட இன்னொரு அடுக்கு உண்டு, ஏனென்றால் அரை அங்குலத்தில் பாம்புக் குட்டி நுழைந்துவிடும். ஹாவலினா என்னும் பன்றி போன்ற விலங்குக்குக் கோழியில் நாட்டமில்லை. தீவன வாசனைக்கு வந்து கீழ்ச்சட்டத்தை முட்டும். அதனால் தீவனத்தை இரவில் மூடிய தகர டப்பாவில் எடுத்து வைத்துவிடுகிறேன். கதவில் தாழ்ப்பாளுக்கு மேல் ஒரு திருகுக் கொக்கியும் மாட்டியிருக்கிறேன். வெறும் தாழ்ப்பாளை ரக்கூன் கைவிரலால் திறந்துவிடும்.

மேற்பக்கமும் வலைதான். ஹாரிஸ் பருந்துகள் கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடுபவை. ஒரு காலை மூன்று பருந்துகள் கூரைச் சட்டத்தில் வரிசையாக அமர்ந்து, கீழே உறைந்து நின்ற கோழிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன. 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் அவற்றைப் பாதுகாப்பதால் அடிக்கவோ பிடிக்கவோ முடியாது. கூரையைத் தவிர வேறு வழியில்லை.

வலைக்கு மேல் மூன்றில் ஒரு பங்குக்குத் தகரம் போட்டு, அதற்கு ஓர் அடி உயரத்தில் நிழல்வலையைக் கட்டினேன். வெயில் நேராகப் பட்டால் தகரம் அடுப்புக்கல் ஆகிவிடும். நடுவில் காற்று ஓடினால் அடங்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் புழுதிப்புயலில் இறுகக் கட்டிய நிழல்வலை, கயிறு கோக்கும் வளையத்தோடு கிழிந்துவிட்டது. இப்போது சைக்கிள் ட்யூப்பைக் கீற்றாக அறுத்துக் கட்டுகிறேன். காற்றடித்தால் அது நீண்டு கொடுக்கும். வெயிலில் ஓராண்டில் வெடித்துவிடுவதால் ஏப்ரலில் மாற்ற வேண்டும்.

நீர்த்தூவியை மேற்குப் பக்கம் வலைக்கு வெளியே வைத்தேன். ஜூனின் வறண்ட காற்றில் அது அற்புதமாக வேலை செய்கிறது. மழைக்காற்று வந்தபின் ஈரப்பதம் ஏறிவிடுவதால் அதை நிறுத்திவிட்டு மின்விசிறியைப் போடுகிறேன். வெயிலில் கிடக்கும் ரப்பர் குழாயில் முதலில் வரும் நீர் கை வைக்க முடியாத சூடு. அதைக் கோழி தொடாது. பெரிய மண்சட்டியில் நீர் ஊற்றி, உறையவைத்த பாட்டிலை மிதக்கவிட்டால் மாலைவரை குடிக்கும்.

புதுக்கோட்டையில் இருக்கும் அம்மா காணொளியில் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "ஏண்டி, ஒரு பஞ்சாரத்தைக் கவுத்து மேல ஒரு கல்லத் தூக்கி வச்சாப் போதாதா?" என்றார். பஞ்சாரத்தில் காற்று புகும் என்ற அளவில் அவர் சொன்னது என் முதல் கூண்டைவிடச் சரி. ஆனால் அந்தக் கல்லைப் பாப்கேட் ஒரே தட்டில் உருட்டிவிடும்.

2024, 2025 கோடைகளில் ஒரு கோழியும் சாகவில்லை. ஒரு குறை மட்டும் மிச்சம். கதவின் கீழ் நிலைக்கட்டை வெயிலில் வளைந்து, ஒரு முனையில் விரல் நுழையும் இடைவெளி விட்டிருக்கிறது. போன வாரம் ஓர் அணில் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. அணில் வந்த வழியில் பாம்பும் வரும் என்பதால், தற்காலிகமாக ஒரு செங்கல்லை வைத்து அடைத்திருக்கிறேன். நவம்பரில் மரத்தை எடுத்துவிட்டு இரும்புச் சட்டம் போட வேண்டும்.