சதுப்புக்குள் ஜியோகேஷ் தேடப் போகிறவர்களுக்கு

உவர்ச் சதுப்பில் படகில் போய் ஜியோகேஷ் (ஜிபிஎஸ் இடக்குறிப்பை வைத்துத் தேட, பிறர் ஒளித்துவைத்த பெட்டி; சுருக்கமாகக் கேஷ்) எடுக்க முதல் கருவி ஜிபிஎஸ் அல்ல, ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல். அதுவும் அன்றைய தேதிக்கானது. நேற்றையதைப் பார்த்தால் சுமார் 50 நிமிடம் பிசகும்.

உச்ச ஏற்றத்துக்கு 2 மணி நேரம் முன்பு கயாக்கை (சிறு துடுப்புப் படகை) இறக்குங்கள். ஏறும் நீரே உள்ளே தள்ளிக்கொண்டு போகும். உச்சம் தொட்டதும் திரும்பிவிட வேண்டும், கேஷ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். வற்றம் ஒரே சீராக இறங்காது: 6 மணி நேர வற்றத்தில் ஏறக்குறைய பாதி நீர்மட்டம் நடு 2 மணி நேரத்திலேயே விழுந்துவிடும். குறுகிய ஓடையில் தரைதட்டினால் அடுத்த ஏற்றம்வரை படகிலேயே உட்கார வேண்டியதுதான். இறங்கி நடக்காதீர்கள், சேறு காலை விடாது.

ஜிபிஎஸ் அம்பு நேர்கோடு காட்டும், ஓடையோ பாம்பாக வளையும். செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு கிளை பிரியும் இடத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். (படம் ஏற்றத்தில் எடுத்ததென்றால் ஓடையே இல்லாத இடமும் ஓடையாகத் தெரியும்.) கடைசி 5 மீட்டருக்குக் கண்தான்.

லாக் (கேஷுக்குள் இருக்கும் வருகைக் குறிப்பேடு) எழுத பென்சில். ஈரத்தாளில் பேனா எழுதாது.

பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் சில ஓடைகளை மூடியிருப்பார்கள், காப்பக அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.