சுவிட்சை அழுத்துவதற்கு முன்

ரேடியோகிராபி படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் வீட்டு விசேஷங்களில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "பட்டனை அமுக்குனா படம் வருது. அதுக்கு எதுக்கும்மா நாலு வருஷம்?" கேட்கிறவரைக் குறை சொல்ல முடியாது. நெஞ்சு எக்ஸ்ரேயில் கதிர் பாய்வது ஒரு நொடியில் சிறு பின்னம்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எங்கள் வேலை மொத்தமும் அந்தப் பின்னம். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நிமிடங்களுக்காகத்தான் இத்தனை படிப்பு என்பது எக்ஸ்ரே அறையில் நிற்கத் தொடங்கிய பிறகே எனக்கும் விளங்கியது.

வகுப்பறைப் பாடத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1895 நவம்பர் 8 அன்று ராண்ட்ஜன் கதிரைக் கண்டுபிடித்ததும், அடுத்த மாதமே மனைவியின் கையை மோதிரத்தோடு படம் பிடித்ததும் முதல் பாடம். அப்புறம் இயற்பியல். எக்ஸ்ரே குழாய்க்குள் போகும் ஆற்றலில் கிட்டத்தட்ட 99 சதவீதம் சூடாகவே வீணாகிறது, மிச்சம்தான் கதிர். அந்தச் சூட்டைத் தாங்கத்தான் டங்ஸ்டன் தட்டு சுழல்கிறது. கேவி கதிரின் ஊடுருவும் வலிமை, எம்ஏஎஸ் கதிரின் அளவு. கேவியை 15 சதவீதம் ஏற்றினால் எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கலாம். இதையெல்லாம் பரீட்சைக்கு உருப்போட்டு எழுதிவிட்டோம். மனித உடம்பு என்ற சமாச்சாரம் அப்போது புத்தகத்தில் அசையாமல் படுத்திருந்தது.

பயிற்சி ஒரு அரசு மருத்துவமனையில். அங்கே மூத்த டெக்னீசியன் ஒருவர் இருந்தார், எங்களுக்கு அவர்தான் சார். இருட்டறையில் பிலிம் கழுவும் டெவலப்பர், பிக்ஸர் தொட்டிகளோடு வேலை கற்றவர். நோயாளி உள்ளே நுழைந்ததும் எங்களைத்தான் பார்ப்பார். "எவ்வளவு வைப்பே, சொல்லு." மெஷினில் நெஞ்சுக்கு இவ்வளவு, இடுப்புக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பதிந்து வைத்த எண்கள் உண்டு. அதைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தையல்காரர் ஆளைப் பார்த்தே அளவு சொல்வதுபோல, வருகிறவரின் பருமனைப் பார்த்துச் சொல்ல வேண்டும். காச நோயில் இளைத்தவருக்கும் நெல் மூட்டை தூக்குகிறவருக்கும் ஒரே எண் எப்படிச் சரியாகும் என்பார்.

நெஞ்சு எக்ஸ்ரே எளிது என்று நினைத்திருந்தேன். 180 சென்டிமீட்டர் தூரம். நோயாளி நமக்கு முதுகைக் காட்டி, நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்க வேண்டும். இதயம் முன்பக்கமாக இருப்பதால் இப்படி நின்றால்தான் அதன் நிழல் பெரிதாகாமல் விழும். கையை இடுப்பில் வைத்து, முழங்கையை முன்னால் தள்ளினால் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும். இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் ஒரு பெண்மணியின் படத்தில் நுரையீரலின் உச்சியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பயிற்சி டாக்டர்கூட காச நோயோ என்று உற்றுப் பார்த்தார். சார் படத்தைப் பார்க்கவே இல்லை, அந்த அம்மாவைப் பார்த்தார். "சடையை மேல தூக்கிப் போடும்மா." இறுக்கிப் பின்னிய ஈரச் சடை முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி எடுத்ததில் நுரையீரல் சுத்தம். அன்றிலிருந்து எந்தப் பெண் வந்தாலும் என் கண் முதலில் சடைக்குத்தான் போகிறது. கல்யாண வீட்டில்கூட.

மூச்சு இன்னொரு கதை. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றால் முக்கால்வாசிப் பேர் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பார்கள். சிலர் இழுத்துவிட்டு உடனே விட்டுவிடுவார்கள். இன்னும் சிலர் நாம் சொல்லி முடிப்பதற்குள் தோளை மட்டும் தூக்கிக் காட்டுவார்கள். காற்று உள்ளே போயிருக்காது. காற்று போகாத நெஞ்சில் உதரவிதானம் மேலே ஏறி நிற்கும், இதயம் பருத்ததுபோல் தெரியும், இல்லாத நோய் ஒன்று ரிப்போர்ட்டில் ஏறும். அதனால் கன்ட்ரோல் பேனலுக்குப் போகுமுன் ஒருமுறை ஒத்திகை பார்ப்போம். தாத்தாக்களுக்கு "தம் கட்டுங்க ஐயா" என்றால் சட்டென்று புரிகிறது. கைக்குழந்தைகளிடம் இந்தப் பேச்செல்லாம் எடுபடாது. அங்கே அழுகைதான் துணை. வீறிட்டு அழுகிற குழந்தை அடுத்த அழுகைக்கு முன் ஒருமுறை ஆழமாக மூச்சை இழுக்கும். விரலைச் சுவிட்சில் வைத்துக்கொண்டு அந்த இழுப்புக்காகக் காத்திருக்க வேண்டும். தாய்க்கு லெட் ஏப்ரன் (கதிரைத் தடுக்கும் ஈய அங்கி) போட்டு, குழந்தையைப் பிடிக்கச் சொல்லியிருப்போம். "புள்ளை இப்படி அழுவுது, நீ பாத்துட்டு நிக்கிறியே" என்று ஒரு அம்மா என்னைத் திட்டியிருக்கிறார்.

நகை விஷயம் எந்தப் பாடப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. நம்ம ஊர் உடம்பில் உலோகம் எங்கெல்லாம் இருக்கும் என்று எந்த வெளிநாட்டு ஆசிரியர் எழுதப்போகிறார்? அரைஞாண் கொடி இடுப்பு எலும்புப் படத்தின் குறுக்கே ஓடும். கையில் கட்டிய செப்புத் தாயத்து மேற்கை எலும்பின் மேல் உருளையாக உட்கார்ந்திருக்கும். தாலிச் சங்கிலியில் கோத்து வைத்த ஊக்குகளை எண்ணிச் சொல்லலாம். தாலியைக் கழற்றச் சொன்னால் முகம் மாறிவிடும். நெஞ்சு எக்ஸ்ரேக்குக் கழற்றத் தேவையில்லை. சங்கிலியை மேலே தூக்கி வாயில் கவ்விக்கொள்ளச் சொன்னால் போதும், படத்தின் எல்லைக்கு வெளியே போய்விடும். எம்ஆர்ஐயில் அந்தச் சலுகை கிடையாது. அந்த மெஷினே ஒரு பெரிய காந்தம், அது ஸ்கேன் ஓடாதபோதும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஓர் இரும்பு ஊக்கு போதும், ஆபத்து வர. ஒரு முறை வயதான அம்மா ஒருவர் கழற்றவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கூட வந்த மகள் கீழே கடைக்குப் போய் மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டும் வாங்கிவந்து கட்டிவிட்டாள். பிறகு தங்கத்தைக் கழற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அந்த யோசனையை நான் இப்போது பலருக்கும் சொல்கிறேன்.

பெண் பயிற்சி மாணவிகளை ஆண் டெக்னீசியன்கள் தேடிவந்து கூப்பிடுவது ஒரே ஒரு கேள்விக்கு. வயிறு, இடுப்பு எக்ஸ்ரேக்கு வரும் பெண்ணிடம் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்க வேண்டும். கதவில் தமிழிலேயே அறிவிப்பு ஒட்டியிருக்கும், ஆனால் அதைப் படித்துவிட்டுத் தானாகச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. "முழுகாம இருக்கீங்களா?" என்று கேட்டால் பதில் மாமியாரிடமிருந்து வரும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல." மாமியாருக்கு எப்படித் தெரியும்? அதனால், "சீட்டுல ஒரு சீல் விட்டுப்போச்சு, ஓபியில வாங்கிட்டு வாங்கம்மா" என்று அவரை அனுப்பிவிட்டு, கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைத் தனியாகக் கேட்பேன். இது பொய்தான். இந்தப் பொய்யில் எனக்கு வருத்தமில்லை. நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று மருமகள் மெல்லச் சொல்லி, படம் எடுக்காமல் டாக்டரிடம் திருப்பி அனுப்பியது உண்டு.

பிலிம் காலத்தைப் பற்றிச் சார் பேசினால் மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். எனக்கு அதில்தான் விஷயம் இருப்பதாகப் பட்டது. அப்போது கதிர் அதிகமானால் பிலிம் கறுத்துப் போகும், குறைந்தால் வெளுத்துப் போகும். தப்பு எல்லார் கண்ணிலும் படும், அடுத்த பிலிம் கேட்டு இன்சார்ஜிடம் போய் நிற்க வேண்டும். டிஜிட்டலில் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சமன்செய்துவிடுகிறது. குறைவாக வைத்தால் படம் புள்ளி புள்ளியாக வரும், ரேடியாலஜி டாக்டர் சத்தம் போடுவார். கூடுதலாக வைத்தால் படம் பளிச்சென்று வரும், பாராட்டுவார். அப்படியானால் கை எந்தப் பக்கம் போகும்? எங்கள் சிஆர் (கம்ப்யூட்டட் ரேடியோகிராபி) மெஷினில் படத்தின் ஓரத்தில் எஸ் என்று ஒரு எண் வரும். 200 சுற்றி இருந்தால் சரி. இது தலைகீழ்க் கணக்கு, கதிர் கூடினால் எண் குறையும். 50 என்றால் தேவைப்பட்டதைப்போல் நான்கு மடங்கு கதிர் போயிருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை, நோயாளிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சார் மட்டும் படத்தைப் பார்க்குமுன் அந்த எண்ணைப் பார்ப்பார்.

கதிர் விழும் பரப்பைச் சுருக்கும் கருவியான கொலிமேட்டரின் விளக்கிலும் இதே கதைதான். மணிக்கட்டுக்கு எடுக்கும்போது வெளிச்சச் சதுரத்தை மணிக்கட்டு அளவுக்குச் சுருக்க வேண்டும். அவசரத்தில் முழுசாகத் திறந்துவைத்து எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் ஓரங்களை வெட்டிக் கறுப்பாக்கிவிடலாம். அழகாக வெட்டிய படத்தில் ஒழுங்காகச் சுருக்கி எடுத்ததுபோலவே தெரியும். கதிர் வாங்கிய முழங்கை மட்டும் படத்தில் இருக்காது.

எங்களுக்கான கதிருக்கும் கணக்கு உண்டு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி இந்த வேலையில் இருப்பவருக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. அதை அளக்கத்தான் டிஎல்டி பேட்ஜ். ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சுக்கு நேராகக் குத்திக்கொள்ள வேண்டும். உள்ளே டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால் அளவு தெரிந்து வரும். படிப்பு முடிந்து நான் முதலில் சேர்ந்த தனியார் ஸ்கேன் சென்டரில் எல்லாருடைய பேட்ஜும் ஒரு மேஜை டிராயரில் இருந்தது. தொலைந்தால் பணம் கட்ட வேண்டுமாம், அதனால் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். மூன்று மாதம் கழித்து அந்த டிராயர் எவ்வளவு கதிர் வாங்கியது என்று ரிப்போர்ட் வரும், எல்லாருக்கும் பூஜ்யம். அதை பைலில் போட்டு வைப்பார்கள். என் பேட்ஜை எடுத்துக் குத்திக்கொண்டதற்கு "ரொம்ப ரூல்ஸ் பேசுற பொண்ணு" என்று பெயர் வந்தது. வரட்டும்.

கடைசியாக, எனக்கு இன்றுவரை கஷ்டமான பகுதி. படம் எடுத்து முடித்ததும் எல்லாரும் கேட்பது: "எலும்பு உடைஞ்சிருக்கா சிஸ்டர்?" திரையில் எனக்குத் தெரிகிறது, தெரியாமல் இல்லை. ஆனால் சொல்வது என் வேலை இல்லை. நான் பார்ப்பது ஒரு படம். டாக்டர் அதோடு ஆளையும் ரத்தப் பரிசோதனையையும் பழைய கதையையும் சேர்த்துப் பார்க்கிறார். நுரையீரல் சுருங்கிக் காற்று வெளியே சேர்ந்திருப்பது போன்ற அவசரம் தெரிந்தால் டியூட்டி டாக்டருக்கு உடனே சொல்லிவிடுவோம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். மற்றபடி வாயை அடக்குவதுகூடப் பழகிவிடும். முகத்தை அடக்குவதுதான் பெரும்பாடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் திரையைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைத்தான் படிக்கிறார்.

இதில் சார் எச்சரித்த ஒரு பொறி உண்டு. "படம் நல்லா வந்திருக்கா?" என்று நோயாளி கேட்பார். அசையாமல் நின்றார், படம் தெளிவாக விழுந்திருக்கிறது, "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிடுவோம். அவர் காதில் விழுவது, நெஞ்சு நல்லா இருக்கு என்பதுதான். அப்படிக் கேட்டுவிட்டு டாக்டரைப் பார்க்காமல் ஊருக்குப் பஸ் ஏறிய ஒருவரை, ரிப்போர்ட் வந்த பிறகு சீட்டில் இருந்த போன் நம்பரை வைத்துத் தேடிப் பிடித்த கதையைச் சார் ஒவ்வொரு புது பேட்சுக்கும் சொல்வார். அதனால் நான் நல்லா என்ற சொல்லையே அந்த அறையில் எடுப்பதில்லை. "எடுத்தாச்சுய்யா. சாயங்காலம் ரிப்போர்ட் வரும், வாங்கி டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் ஊருக்குப் போகணும்." பாதிப் பேர் "அதுக்கு வேற நிக்கணுமா?" என்று சலித்துக்கொள்வார்கள். நிக்கணும் என்பேன். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேட்டு வைத்துக்கொள்வேன், அதற்கு முன்னால் ரிப்போர்ட் வாங்கித் தர வேண்டுமே.